கருப்புக்கு நேர்ந்த வாத்து

என் தம்பி தங்கப்பாண்டி எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் அதற்குப் பின்னால் ஒரு சாப்பாட்டுத் திட்டம் இருக்கும். போன அறுவடை முடிந்து, எழுமலை வயல்களில் வாத்து மேய்க்க ஆட்கள் வந்திருந்த நேரம். அவர்களிடம் பேசி ஒரு அட்டைப்பெட்டியில் எட்டு வாத்துக்குஞ்சுகளை வாங்கி வந்து எங்கள் வீட்டு வாசலில் இறக்கினான்.

"அக்கா, கொல்லைல குட்டை சும்மாதான கெடக்கு. வளத்து வை. பங்குனிப் பொங்கலுக்குக் கொழம்பு வைப்போம்."

"ஏன்டா, ஒரு மனுசன வச்சுப் பாக்கவே எனக்குக் கை பத்தல. இதுல இதுக வேறயா?"

"கெடந்துட்டுப் போகுதுக்கா" என்றான். அவன் போய்விட்டான். குஞ்சுகள் கிடந்தன.

குட்டை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வீட்டு அஸ்திவாரத்துக்கு மண் எடுத்த பள்ளம். மழைத் தண்ணீரும் மோட்டார்த் தண்ணீரும் சேர்ந்து, ஒரு ஓரம் கோரையும் முளைத்து, அது தானாகக் குட்டையாகிவிட்டது. மூடித் தொலைக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். மூட வேண்டிய ஆள் கட்டிலில் கிடந்தார்.

என் வீட்டுக்காரர் அழகுராஜா லாரி டிரைவர். வடக்கே எங்கெங்கோ போய்வந்த மனிதர், வீட்டுக்கு வரும் வழியில் கொட்டாம்பட்டிப் பக்கத்தில் வண்டியைக் கவிழ்த்தார். குறுக்கே வந்த மாட்டுக்காக ஸ்டீயரிங்கை ஒடித்தாராம். மாடு பிழைத்தது. இவருக்கு இடுப்பும் இடது காலும் நொறுங்கின. அன்றைக்கு அவரை அள்ளிப் போட்டுக்கொண்டு மதுரைக்கு ஓடியவன் தங்கப்பாண்டிதான். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் மயங்கி விழுந்த நேரமெல்லாம் அவருக்கு மூத்திரச் சட்டி பிடித்தவனும் அவன்தான். அதனால் அவன் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழும்பாது.

எலும்பு கூடிவிட்டது, இனி நடந்தால்தான் காலில் பலம் ஏறும் என்று கே.கே. நகர் டாக்டர் சொல்லி அனுப்பினார். இவர் நடக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். "நடந்து எங்க போகப் போறேன்?" என்பார். நான் கத்திப் பார்த்தேன், அழுது பார்த்தேன். சோற்றுத் தட்டைத் தள்ளிக் கதவோரம் வைத்துக்கூடப் பார்த்தேன். பட்டினி கிடந்தாரே தவிர எழுந்து வரவில்லை. ஊன்றுகோல் மூலையில் சாய்ந்தபடியே ஒட்டடை பிடித்தது. இந்த மனுஷன் இனி எழுந்திருக்கவே மாட்டாரோ?

இந்த லட்சணத்தில் வாத்து.

முதல் வாரமே காக்கை ஒரு குஞ்சைத் தூக்கியது. பஞ்சாரக் கூடையைப் போட்டுக் கவிழ்த்து வைத்தேன். கொஞ்சம் வளர்ந்ததும் குட்டையில் விட்டேன். ஒருநாள் மத்தியானம் தெருநாய்கள் கூட்டமாக வந்து, நான் விளக்குமாற்றோடு ஓடுவதற்குள் ஒன்றைக் கவ்விக்கொண்டு போய்விட்டன. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பீரோவைத் திறந்து பழைய சேலைகளையெல்லாம் அள்ளினேன். காட்டுப்பன்றிக்குத் தோட்டத்தைச் சுற்றிச் சேலை கட்டுவார்களே, அதுபோலக் குட்டையைச் சுற்றிக் குச்சி நட்டுக் கட்டினேன். முகூர்த்தச் சேலை ஒன்றுதான் பாக்கி.

கட்டில் கொல்லைப்பக்க ஜன்னலோரம்தான் கிடக்கும். அங்கிருந்து குரல் வந்தது.

"ஏ அன்னக்கொடி. ஒஞ் சேலையப் பாத்து நாய் பயப்படுமா? நானே பயந்ததில்லையே."

கையில் இருந்த சேலை அப்படியே நின்றது. ஆள் திரும்பிப் படுத்திருந்தார். சுவரை விட்டுவிட்டுக் குட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேலி பேசி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் காட்டிக்கொள்வேனா?

"பயப்படாத ஆளு எறங்கி வந்து கட்டுங்க பாப்போம்."

"பேரு அன்னக்கொடி. காவல் காக்கிறது வாத்துக்கு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

சேலை வேலிக்கு நாய்கள் கொஞ்சம் யோசித்தது உண்மை. ஆனால் கீரி யோசிக்கவில்லை. ஒரு காலையில் நீலப் பூப்போட்ட சேலைக்கு அடியில் நுழைந்து வந்து, கரையில் படுத்திருந்த வாத்தின் கழுத்தைப் பிடித்துவிட்டது. தங்கப்பாண்டிக்குப் போன் போட்டு ஒப்பாரி வைத்தேன்.

"கீரி மொகத்துல முழிச்சா நல்லதுக்கா" என்றான்.

"யாருக்குடா நல்லது? கீரிக்கா?"

மிஞ்சியது ஐந்து. அவனும் ஓடிவந்து கம்பிவலை அடித்துக் கொடுத்தான். நாய் தோண்டி வராமலிருக்க, வலையின் அடியை ஒரு முழம் மண்ணுக்குள் புதைத்தோம். நாய்ப் பிரச்சனை அத்தோடு தீர்ந்தது. கீரி மட்டும் வலையில் தொற்றி ஏறி, மேலே உட்கார்ந்து எங்களையே பார்த்தது.

ஜன்னலிலிருந்து மறுபடி குரல். "கரையில என்ன கட்டுனாலும் அது வரும். தண்ணிக்குள்ள வீட்டக் கட்டுங்க. தெப்பக்குளத்து மைய மண்டபத்துல எந்தக் கீரி ஏறுச்சு?"

எனக்கு மூக்கு விடைத்தது. "படுத்துக்கிட்டே பிளான் போட எல்லாருக்கும் வரும். யாரு கட்டுறது? எனக்கு நீச்சலும் தெரியாது, முடிச்சுப் போடவும் தெரியாது. வாத்துக எல்லாம் செத்து ஒழியட்டும். நான் போயி ஒலைய வைக்கிறேன்."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் உட்கார்ந்து அழுதேன். கொஞ்ச நேரத்தில் 'டொக்' என்று சத்தம். எட்டிப் பார்த்தால், அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மூலையில் நின்றிருந்தார். ஊன்றுகோலில் இருந்த ஒட்டடையைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வண்டிக் கயிறு பரண்லதான இருக்கு? எடு" என்றார்.

லாரி டிரைவர் எப்படிக் கட்டுவார் என்று அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். காலித் தண்ணீர்க் கேன்களை வரிசையாகப் படுக்கவைத்து, மூங்கிலைக் குறுக்கே போட்டு, லோடு கட்டுகிற மாதிரி ஒரு காலால் உதைத்து இழுத்து முடிச்சுப் போட்டார். அந்த உதை நல்ல காலால். ஒரு இடத்தில் மறதியாக இடது காலாலும் உதைத்தார். மேலே பழைய தார்ப்பாயைக் கூரையாகக் கட்டினார். வாத்து ஏற ஒரு சரிவுப் பலகை. கரையிலிருந்து இழுக்க ஒரு கயிறு. நடுக்குட்டையில் அது மிதந்தபோது அவர் முகத்தில் வேர்வையும் சிரிப்புமாக வழிந்தது. மைய மண்டபம் என்று அவரே பெயரும் வைத்தார்.

அன்று சாயங்காலம் கீரி வந்தது. பின்னங்காலில் நிமிர்ந்து நின்று, நடுத்தண்ணீரில் உட்கார்ந்திருந்த வாத்துகளை ஒரு பார்வை பார்த்தது. குட்டையை ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு போய்விட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஜன்னலில் முட்டிக்கொண்டு பார்த்தோம். எனக்குக் கல்யாணமான புதிது மாதிரி இருந்தது.

அதன்பிறகு தினமும் காலையில் கயிற்றை இழுக்க அவர் போக வேண்டும், சாயங்காலம் வாத்துகளைத் தெப்பத்தில் ஏற்ற "வண்டிய ஏத்து" என்று குரல் கொடுக்க அவர் போக வேண்டும். என் குரலுக்கு அதுகள் அசையாது. போகப் போக, குட்டை வரைக்கும் இருந்த நடை தெருமுனை வரைக்கும் நீண்டது. ஊன்றுகோலை விடமாட்டார். அது இல்லாமல் ஒரு எட்டு வைக்கக்கூட அவருக்குப் பயம். ஆனாலும் நடந்தார்.

வாத்துகளில் ஒரு கடாவாத்து. கழுத்தில் பச்சை மினுமினுப்பு, நல்ல கொழுப்பு. இவர் எங்கே போனாலும் அது பின்னாலேயே வரும். இவர் நின்றால் நிற்கும். லாரியில் டிரைவருக்குக் கிளீனர் மாதிரி என்று அதற்குக் கிளீனர் என்றே பெயர். அதனிடம் ஒரு கெட்ட பழக்கம். தண்ணீருக்குள் இருக்கும்வரை சாதுவாக இருக்கும். கரையேறி, காய்ந்த மண்ணை மிதித்ததும், இவருடைய வேட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டுதான் மூக்கிலிருந்து வால் வரைக்கும் ஒரு சிலுப்பு சிலுப்பும். இவர் நனைந்துவிட்டு, "டேய் கிளீனர், டிரைவரையே கழுவுறியா" என்று சிரிப்பார். வேட்டி துவைப்பது நான்தான். இருந்தாலும் அந்தச் சிரிப்புக்காகத் தினமும் துவைத்தேன்.

பங்குனி பிறந்தது. தங்கப்பாண்டி வந்தான். வந்தவன் நேராகக் கொல்லைக்குப் போய்க் கிளீனரைத் தூக்கி எடைபோட்டுப் பார்த்தான்.

"நல்லா ஏறியிருக்குக்கா. மொதல்ல இத அடிச்சிருவோமா?"

இவர் அப்போது சலூனுக்குப் போயிருந்தார், அதுவும் நடந்து. வாத்து அவன் வாங்கிக் கொடுத்தது. பொங்கலுக்குத்தான் என்று அன்றைக்கே சொல்லிவிட்டுத்தான் போனான். வேறு யாராவது கேட்டிருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டிருப்பேன். இவனிடம் எப்படிச் சொல்வது? இந்த வாத்து போனால் என் புருஷன் மறுபடியும் கட்டிலில் போய் விழுந்துவிடுவார் என்று நான் பயந்தேன். அதைச் சொன்னால், "போக்கா, ஒரு வாத்துக்கா" என்று அவன் சிரித்திருப்பான். வாய்க்கு வந்தது வந்துவிட்டது.

"அத எறக்கி விடுடா. அது கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்டது."

நெருப்பைத் தொட்டவன் மாதிரி இறக்கிவிட்டான். கன்னத்தில் போட்டுக்கொண்டான். "மொதல்லயே சொல்ல மாட்டியாக்கா? சாமி பொருள்ல கைய வச்சுட்டேனே" என்று என்னையே திட்டினான். மற்ற வாத்துகளையும் தொடவில்லை. சாமி வாத்து நிற்கிற இடத்தில் கத்தி எடுக்கக் கூடாதாம். நாய்க்கு வலை, கீரிக்குத் தெப்பம், தம்பிக்குச் சாமி. எனக்கு என் சாமர்த்தியத்தை நினைத்துத் தலைகால் புரியவில்லை.

அந்தக் கூத்து எத்தனை நாள்? எங்கள் பக்கம் நேர்ந்துவிட்டது என்ற சொல்லைச் சும்மா சொல்ல முடியாது. சொன்னால் அது சாமியின் சொத்து. கோயில் பொங்கல் வரும்போது கொண்டுபோய் நிறுத்த வேண்டும். தங்கப்பாண்டி டீக்கடையில் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். அது எங்கள் குலசாமி கோயில் பூசாரி விருமாண்டி மாமா காதுக்குப் போய்விட்டது. அவர் என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா முறை. நேராக வீட்டுக்கே வந்துவிட்டார்.

"என்ன அழகுராசா, கருப்புக்கு வாத்து நேர்ந்திருக்கீகளாம்ல? ஆடு, கோழி பாத்திருக்கேன். வாத்து இப்பத்தான் கேள்விப்படுறேன். பரவால்ல, ஒனக்குக் கால் வந்ததுக்கு நேர்ந்திருப்பா. ஞாயித்துக்கெழமை காலையில கொண்டாந்துருங்க."

அவர் போனதும் இவர் என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"சாமி பேரச் சொல்லிட்ட. குடுக்கத்தான் வேணும்" என்றார் மெதுவாக.

"நான் சொன்னது பொய்யிங்க."

"அது ஒனக்கும் எனக்கும் தெரியும். நேர்ந்ததுன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சு போச்சே. இனிமே குடுக்காம இருந்தா, எனக்குக் கால் வலிச்சாலும் ஒனக்குத் தல வலிச்சாலும் அதுனாலதான்னு தோணும். தோணுமா, தோணாதா?"

தோணும். அதுதான் வயிற்றெரிச்சல்.

அன்று சாயங்காலம் அவர் குரல் கொடுக்கப் போகவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். வாத்துகள் கரையில் வரிசையாக நின்று கத்திக்கொண்டே இருந்தன. நான்தான் கம்பை வைத்து ஒவ்வொன்றாக விரட்டி ஏற்றினேன். கிளீனர் கடைசிவரை ஜன்னலைப் பார்த்தே நின்றது. நான் செய்த பாவம் எனக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. நாயும் கீரியும் பண்ணாததை என் வாய் பண்ணிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தங்கப்பாண்டி தன் குட்டியானை லோடு வண்டியைக் கொண்டுவந்தான். இவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். கிளீனரை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

கோயிலில் நல்ல கூட்டம். கிடாக்கள் வரிசையில் நின்றன. எங்கள் வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நேர்ந்ததைச் சாமிக்கு முன்னால் நிறுத்தி மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி கேட்டுவிட்டது, வெட்டலாம். சிலுப்பாவிட்டால் சாமிக்கு வேண்டாம். மூன்று தடவை தெளித்துப் பார்த்து விட்டுவிடுவார்கள். கிடா எல்லாம் முதல் தெளிப்பிலேயே சிலுப்பிவிடும்.

கிளீனரைக் கொண்டுபோய்ச் சூடேறிய காய்ந்த கல்லில் நிறுத்தினார்கள். காய்ந்த தரை, மேலே நாலு சொட்டுத் தண்ணீர். இவன் சிலுப்பாமல் இருப்பானா? தினமும் அதைத்தானே செய்கிறான்.

விருமாண்டி மாமா சொம்பில் கையை விட்டார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போனேன்.

"மாமா, இது தண்ணில கெடக்குற சீவன். கையால தெளிச்சா இதுக்கு ஒறைக்குமா? சாமிக்குச் செய்யுறதக் கொறை வைக்கக் கூடாது. கொடத்தோட ஊத்துங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பக்தியில் பேசுகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். "நாயந்தான்" என்று குடத்தை வாங்கினார்.

முதல் குடம் கவிழ்ந்தது. கிளீனர் கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, வாயைத் திறந்து குடித்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கல்லில் தண்ணீர் குளம் கட்டியது. அதுதான் எனக்கும் வேண்டியிருந்தது. இரண்டாவது குடம். கால் நனைய நின்றுகொண்டு இறக்கையை லேசாக விரித்துக் கொடுத்தது. மூன்றாவது குடத்துக்கு முன்னால் நான் கண்ணை மூடிக் கருப்பிடம் பேசினேன். 'பொய் சொன்னது நான். என்னைக் கேளு. உனக்கு ஒரு அரிவாள் அடிக்கச் சொல்லி என் கையால் கொண்டுவந்து சாத்துகிறேன், இது நிஜமாகவே நேர்ந்தது. அந்த மனுஷனிடமிருந்து இவனை மட்டும் பிடுங்கிவிடாதே.'

மூன்றாவது குடமும் காலியானது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளீனர் குனிந்து, தேங்கிய மஞ்சள் தண்ணீரில் மூக்கை விட்டு, குட்டையில் புழு தேடுவதுபோலச் சளசளவென்று அலசத் தொடங்கியது. சிலுப்பவில்லை. அதற்கு இன்னும் குளியல் முடியவில்லை, அவ்வளவுதான்.

விருமாண்டி மாமா குடத்தைக் கீழே வைத்தார்.

"சாமி கேக்கல. கருப்பசாமி வாத்துங்கிற பேரோட அது இருந்துட்டுப் போகட்டும். கூட்டிட்டுப் போங்கப்பா. இனிமே இதை ஒருத்தரும் தொடக் கூடாது."

என் வீட்டுக்காரர் ஊன்றுகோலைப் பக்கத்தில் நின்ற தங்கப்பாண்டி கையில் திணித்துவிட்டு, இரண்டு கையாலும் கிளீனரை அள்ளிக்கொண்டார். அது நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. அவர் சட்டை முழுக்க மஞ்சள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வண்டியைப் பார்த்து நடந்தார். நான் பின்னால் ஓடினேன். பாதி தூரம் போன பிறகுதான் எனக்கே தெரிந்தது. கை இரண்டிலும் வாத்து. ஊன்றுகோல் இல்லை. சாய்ந்து சாய்ந்துதான் நடந்தார், ஆனால் நடந்தார். கூப்பிட்டால் நினைவு வந்து நின்றுவிடுவார் என்று நான் மூச்சுக்கூட விடவில்லை.

விருமாண்டி மாமா வழியனுப்ப வண்டிவரை வந்தார். இவர் கிளீனரை வண்டியின் பின்பக்கத்தில் இறக்கிவிட்டார். காய்ந்த பலகை. கிளீனர் இரண்டு எட்டு வைத்தது. பிறகு மூக்கிலிருந்து வால் வரைக்கும், ஊருக்கே தெரிகிற மாதிரி ஒரு சிலுப்பு.

மஞ்சள் தண்ணீர் தங்கப்பாண்டி முகத்தில் பட்டுத் தெறித்தது. எனக்கு உயிர் போய்விட்டது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாத்தைப் பார்த்தான். கையில் இருந்த ஊன்றுகோலைப் பார்த்தான். வண்டியைப் பிடித்துக்கொண்டு, எதுவும் தெரியாமல் சிரித்துக்கொண்டு நின்ற தன் மச்சானைப் பார்த்தான்.

"என்னய்யா அங்க?" என்றார் விருமாண்டி மாமா, கழுத்தை எட்டி.

"ஒண்ணுமில்ல மாமா. தூறல் போடுது."

அவர் அண்ணாந்து பார்த்தார். மேகம் மருந்துக்கும் இல்லை. "பங்குனில ஏதுடா தூறல்?"

"எங்க பக்கம் போடுது மாமா. நாங்க வாரோம்" என்று சொல்லிவிட்டுத் தங்கப்பாண்டி அவசரமாக மச்சானைக் கைகொடுத்து ஏற்றினான். ஊன்றுகோலை அவரிடம் கொடுக்கவில்லை. என்னிடம் கொடுத்தான்.

"நீ வச்சுக்கக்கா" என்றான்.

நான் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வீடு வந்து சேரும்வரை அவர் அதைக் கேட்கவே இல்லை.